வம்சவழி அறிவது எதற்காக?



வம்சப் பெருமை பேசுவதென்றால் நம்மவரிற் சிலர் கல்லாவை விட்டும் எழுந்து வந்துவிடுவார்கள். பினாங்கில் 1801ல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைக் கண்ட காதர் முகைதீன் மரைக்காயருக்குத் தாம் இன்ன வழி உறவு என்பார் ஒருவர். அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கூட்டம் எங்கள் கூட்டம் என்பார் மற்றொருவர். இருக்கட்டும். ஆனால் நம்மைக் கிளை கிளையாகப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்றும், மேன்மை இறையச்சத்தில் இருக்கிறது என்றும் அல்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் அறிவிக்கிறதே! உறவைச் சேர்ந்து வாழும் அளவுக்கு வம்சவழியைக் கற்றுக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லிச் சென்றார்கள். உறவு என்றால் விருந்து மட்டுமா? ஹக்கும் அதில் இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஆயினும் மதரஸாவில் ஓதியதால் அரபுத் தமிழ் வாசிப்பேன். பாட்டனார் 1951ல் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, இந்தப் பாகான் செராயில் கடை வைத்தவர். அவருடைய பழைய கணக்குப் புத்தகத்தைச் சென்ற வருடம் கடையை வெள்ளையடிக்கும்போது பரண்மேல் கண்டெடுத்தேன். முதல் ஏட்டிலேயே ஒரு வரி: ஊர் வீடு விற்ற தொகை 900 ரூபாய், அதில் தங்கை பங்கு 300, கடை முதலில் சேர்த்தது, கொடுக்க வேண்டியது. ஏடு முழுதும் புரட்டினேன். கொடுத்ததற்கு வரி இல்லை.

மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று அல்லாஹ் வகுத்த பங்கு. அந்தப் பங்கின் மேல் உட்கார்ந்துதான் மூன்று தலைமுறையாக அரிசி நிறுத்திருக்கிறோம்!

பனைக்குளம் போனேன். அடையாள அட்டையில் 'பின்' போட்டு எழுதிய பெயரைச் சொன்னால் ஊரில் எவருக்கும் தெரியவில்லை. ஏட்டில் இருந்த வீட்டுப் பட்டப்பெயரைச் சொன்னதும் ஒரு முதியவர் தெருவையே காட்டிவிட்டார். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டில் பாட்டனாரின் தங்கை பெயரும், அவர் மகள் பெயரும் அகப்பட்டன. பேத்தி ஒருவர் உயிரோடிருக்கிறார், பாய் முடைகிறார்.

ஆலிம் ஒருவரிடம் கேட்டதற்கு, வாரிசுகள் பொருந்திக்கொள்ளும்படி பேசி முடித்துக்கொள் என்றார். அன்று 300 ரூபாய்க்கு மூன்று பவுனுக்கு மேல் வாங்கலாம். நான்கு பவுன் என்று முடிவாயிற்று. என் தம்பிமார், "செத்தவர் கணக்கை நாம் ஏன் தூக்க வேண்டும்?" என்றார்கள். முதலை மட்டும் தூக்கிக்கொண்டோமே, தம்பிகளே?

சகோதரர்களே, உங்கள் பரணிலும் பழைய ஏடுகள் இருக்கும். கறையானுக்குக் கொடுக்குமுன் ஓதத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஊரில் முதியவர்கள் இருக்கும்போதே வீட்டுப் பட்டப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அத்தைமார், பாட்டிமார் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நம் பட்டியல்களில் பெண்கள் பெயர்தான் முதலில் விடுபடுகிறது, பங்கும் அப்படியே.

இரண்டு பவுன் கொடுத்தாயிற்று. பாட்டனார் எழுதிய வரிக்குக் கீழேயே அரபுத் தமிழில் பற்று எழுதி வருகிறேன். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். மீதி இரண்டையும் அவன் கையால் எழுத வேண்டும்.