விருந்தாளி யார்?

வெளிநாடு சுற்றிவிட்டு வந்த நண்பர்களிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே வீடு வந்துவிடும். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மூணாவது நாளே நாசி லெமாக் ஞாபகம் வந்துடுச்சு" என்பார்கள். நானும் அப்படித்தான். டிசம்பர் விடுமுறையில் நண்பர்கள் நால்வரும் பேங்காக் கிளம்பியபோது, என் பெட்டியில் மைலோ பொட்டலமும் அம்மா வறுத்துக் கொடுத்த நெத்திலி சம்பலும் இருந்தன.

நாக்கு வீட்டைத் தேடுவது இயற்கை. அதில் கேள்வி கேட்க ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் இருக்கும்போது நாம் திரும்பியே பார்க்காத ஒன்றை வெளியூரில் கண்டதும் கண் கலங்குகிறதே, அந்தக் கண்ணீருக்கு என்ன மதிப்பு? அது பக்தியா, அல்லது வெறும் பெருமையா? இந்தக் கேள்வி அந்தப் பயணத்தில்தான் எனக்கு வந்தது.

பேங்காக்கின் சீலோம் சாலையில் ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. தூரத்திலிருந்து கோபுரத்தைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரே சந்தோஷம். "டேய், நம்ம கோவில்டா!" என்று ஒருவன் சாலையிலேயே கத்தினான். வாசலில் சாமந்தி மாலையும் தேங்காய், வாழைப்பழத் தட்டும் விற்றவர்கள் தாய்லாந்துக்காரர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்றார்கள். கைப்பேசியைப் பைக்குள் போட்ட பிறகுதான் ஒன்று புரிந்தது. கைகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு முன்னால் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். அலுவலகச் சீருடை, கழுத்தில் வேலையிட அட்டை. மதிய உணவு நேரத்தில் ஓடி வந்திருப்பாள் போலிருந்தது. தட்டைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். ஐந்து நிமிடம் இருக்கும், அசையவில்லை. தமிழ் ஒரு வார்த்தை தெரிந்திருக்காது. நானோ அம்மனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோவிலைத் தாய்லாந்து மக்கள் 'வாட் கேக்' என்கிறார்கள். 'வாட்' என்றால் கோவில். 'கேக்' என்றால் விருந்தாளி. இந்தியர்களைக் குறிக்கவும் அதே சொல்தான். வெளியூரிலிருந்து வந்தவர்களின் கோவில் என்று அவர்கள் வைத்த பெயர். ஆனால் அன்று அங்கே வீட்டுக்காரியாக நின்றவள் அவள். விருந்தாளி நான்.

மறுநாள் வாட் சுதாட் விகாரையின் முன் நிற்கும் பெரிய ஊஞ்சலைப் பார்க்கப் போனோம். சிவப்பு நிறத்தில் உயர்ந்த தேக்குத் தூண்கள். 1784-இல், முதலாம் ராமா மன்னர் காலத்தில் எழுப்பப்பட்டது. ஆட்கள் ஏறி ஊஞ்சலாடும் சடங்கு 1935-இல் நின்றுவிட்டது. ஆனால் அருகிலிருக்கும் தேவஸ்தானம் என்ற பிராமணர் கோவிலில் அந்த விழாவின் வழிபாடு இன்றும் நடக்கிறது. விழாவின் பெயர் 'திரியம்பவாய்'. சொல்லிப் பாருங்கள். நம் திருவெம்பாவைதான்! மாணிக்கவாசகரின் பாட்டை அரண்மனைப் பிராமணர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறார்கள். உச்சரிப்பு மிகவும் மாறிவிட்டது. சொற்களின் பொருளும் பெரும்பாலும் மறந்துபோனது. ஆனால் ஓதுவது நிற்கவில்லை. சின்ன வயதில் சமய வகுப்பில் ஆசிரியர் இதைச் சொன்னபோது நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நண்பர்களுக்கு விளக்கும்போது குரல் தழுதழுத்தது.

ஒருவன் மட்டும் அசரவில்லை. "மச்சான், அர்த்தம் தெரியாம பாடுறது கிளிப்பிள்ளை மாதிரிதானே? இதுல என்ன பெருமை?" என்றான்.

நியாயமான கேள்வி. பாட்டின் பொருள் உணர்ந்து சொல்ல வேண்டும் என்று சிவபுராணத்தின் முடிவில் மாணிக்கவாசகரே வலியுறுத்துகிறார். ஆகவே ஒலியை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவன் கேள்வியை நம் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அவர்களிடம் பொருள் இல்லை, பாட்டு இருக்கிறது. நம்மிடம் பொருள் தெரிந்துகொள்ள மொழி இருக்கிறது, உரை இருக்கிறது, பாட்டுத்தான் இல்லை. பொருள் தெரியாமல் பாடுகிறவனைக் குறை சொல்லலாம். பொருள் தெரிந்தும் வாய் திறக்காதவனை என்ன சொல்வது?

அன்று இரவு அம்மா அழைத்தார். "சாமி கும்பிட்டியா ஐயா? இங்க நம்ம கோவில்ல மார்கழிப் பூசை ஆரம்பிச்சாச்சு. பாடுறதுக்குத்தான் ஆளே இல்ல. ரெண்டு மூணு பாட்டிங்க வர்றாங்க. அவங்களுக்கும் தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஒலிபெருக்கியில பென்டிரைவ் பாட்டைப் போட்டுட்டாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பல நூறு மைல் தள்ளி, அந்நிய ஊரில், திருவெம்பாவை என்ற பெயரைக் கேட்டு நெகிழ்ந்தவன் நான். என் வீட்டிலிருந்து நான்கு வரிசை தள்ளி அதே பாட்டு பாட ஆளில்லாமல் இருக்கிறது.

இங்கேதான் என் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. தூரத்தில் வரும் நெகிழ்ச்சி பொய்யில்லை. ஆனால் அது முழுமையும் இல்லை. வெளியூரில் வீட்டை நினைக்க நமக்கு எந்தச் செலவும் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழ வேண்டாம், குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வேண்டாம், தப்பாகப் பாடி வெட்கப்பட வேண்டாம். "நம்ம கோவில்" என்று சொல்ல பிறப்பு உரிமை தரலாம். ஆனால் அந்த உரிமையைக் காப்பாற்றுவது பழக்கம்தான். சீலோமில் நின்ற அந்தப் பெண்ணுக்குப் பிறப்புரிமை இல்லை, பழக்கம் இருந்தது. வெளிநாட்டில் வரும் வீட்டு ஞாபகம் நாம் பையில் போட்டுக்கொண்டு வரும் நினைவுப் பொருள் அல்ல. கட்டாமல் விட்ட கடனை யாரோ ஞாபகப்படுத்துவது போன்றது அது. ஞாபகம் வந்ததற்காகப் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஊருக்குத் திரும்பிக் கட்ட வேண்டும்.

திரும்பி வந்ததும் நான் பெரிய பக்தனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மீதமிருந்த மார்கழியில் ஆறு நாள்தான் என்னால் எழ முடிந்தது. முதல் நாள் புத்தகத்தை வைத்துக்கொண்டே நான்காம் பாட்டில் தடுமாறிவிட்டேன். பக்கத்திலிருந்த பாட்டி விரலை வைத்து வரியைக் காட்டினார். பூசை முடிந்து பொங்கல் கொடுக்கும்போது, "புதுசா வந்திருக்கியா தம்பி? எந்த ஊரு?" என்று அன்போடு கேட்டார்.

நான்கு வரிசை தள்ளி இருக்கும் வீட்டைக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நண்பர்களே, நன்றாகப் பயணம் போங்கள். கோபுரத்தைக் கண்டால் சந்தோஷப்படுங்கள், படமும் எடுங்கள். ஆனால் திரும்பி வந்த வாரத்திலேயே உங்கள் ஊர்க் கோவிலுக்கு ஒருமுறை போய்விடுங்கள். அங்கே உங்களை யாராவது "எந்த ஊரு?" என்று கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால், அடுத்த வாரமும் போங்கள்.