கெமிஸ்ட்ரிக்கு மட்டும் விலக்கில்லை

ஹெரால்ட் வார்மஸின் அப்பா டாக்டர். மகனும் அதே எண்ணத்தோடுதான் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குப் போனார். போன இடத்தில் ஆங்கில இலக்கியம் இழுத்துக்கொண்டது. பட்டம் வாங்கி, ஹார்வர்டில் எம்.ஏ.வும் முடித்த பிறகுதான் மறுபடி மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி அவரை இரண்டு முறை வேண்டாமென்றது. கொலம்பியா சேர்த்துக்கொண்டது. புற்றுநோயைத் தூண்டும் மரபணுக்கள் குறித்த ஆராய்ச்சிக்காக 1989-இல் மைக்கேல் பிஷப்போடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். எரிக் கேண்டலின் கதையும் கிட்டத்தட்ட இதே ஜாதி. ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் படித்து, நாஜிகள் விஷயத்தில் மூன்று ஜெர்மன் எழுத்தாளர்கள் என்ன நிலை எடுத்தார்கள் என்று ஆய்வேடு எழுதியவர், நினைவாற்றல் மூளையில் எப்படிப் பதிகிறது என்ற ஆய்வுக்காக 2000-இல் நோபல் வாங்கினார்.

அமெரிக்காவில் அறிவியல் அல்லாத பாடம் படித்துக்கொண்டே டாக்டர் கனவு காண்கிறவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லப்படும் கதைகள் இவை. ஆறுதல் நல்லதுதான். ஆனால் இருவருமே நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் பெரிய கல்லூரிகளுக்குள் நேராக நுழைந்தவர்கள். இன்று இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவி பெரும்பாலும் வேறு ஆள். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம், கட்டணம் குறைவு என்பதற்காக; அங்கிருந்து மாநிலப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு ட்ரான்ஸ்ஃபர்; மேஜர், அதாவது முதன்மைப் பாடம், வரலாறோ சமூகவியலோ. வந்து சேர்ந்த பிறகுதான் மருத்துவம் மனதில் விழுகிறது.

நம்மூரில் இந்த வழக்கு பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றே தீர்ந்துவிடும். பயாலஜி குரூப் எடுக்காதவருக்கு நீட் வாசலே கிடையாது என்பதுதான் நெடுநாள் நிலை. பிளஸ் டூ முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் போதும் என்று தேசிய மருத்துவ ஆணையம் தளர்த்தியதே 2023-இல்தான். அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம், அதற்குமேல்தான் மருத்துவம். அந்தப் பட்டம் இசையில் இருந்தாலும் தத்துவத்தில் இருந்தாலும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆட்சேபம் இல்லை. விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேல் உயிரியல் படித்தவர்கள் என்பது பழக்கம், விதி அல்ல. மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் வருடாவருடம் வெளியிடும் அட்டவணையில், இலக்கியம் வரலாறு படித்துவிட்டு விண்ணப்பிப்பவர்களின் சேர்க்கை விகிதம் உயிரியல்காரர்களைவிடத் தாழ்ந்து இருப்பதில்லை. (அந்தப் பக்கத்திலிருந்து துணிந்து விண்ணப்பிக்கிறவர்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.)

மேஜரில் காட்டும் இந்தத் தாராளம் கெமிஸ்ட்ரியில் கிடையாது. பொது வேதியியல் இரண்டு செமஸ்டர். அது முடித்தால்தான் ஆர்கானிக். ஆர்கானிக்கைத் தாண்டினால்தான் பயோகெமிஸ்ட்ரி. ஒன்றை எட்டிக் குதித்து அடுத்ததற்குப் போக முடியாது. பக்கத்திலேயே உயிரியல், இயற்பியல், எல்லாவற்றுக்கும் லேப். மூன்றாம் ஆண்டில் முதல் கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்காரும் வரலாற்று மாணவி, பட்டம் வாங்கும்போது ஆர்கானிக்கைத்தான் முடித்திருப்பார். பயோகெமிஸ்ட்ரியும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வும் அதற்கு அடுத்த வருடம். விண்ணப்பம் கோடையில் அனுப்பினால் சேர்க்கை அதற்கும் அடுத்த ஆண்டு. அவரைப் பிடித்து நிறுத்துவது பாடத்தின் கடினம் என்பதைவிட நாள்காட்டி.

ட்ரான்ஸ்ஃபர் மாணவிக்கு இதில் இன்னொரு சிக்கல். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ்கள் பெரும்பாலும் செமஸ்டர் முறையில் ஓடுகின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் பெர்க்லியும் மெர்சிடும் செமஸ்டர், மற்றவை பொதுவாகக் குவார்ட்டர். கெமிஸ்ட்ரித் தொடரில் பாதியை அங்கே முடித்துவிட்டு இங்கே வந்தால், ஒரு செமஸ்டர் எத்தனை குவார்ட்டருக்கு ஈடு என்ற பஞ்சாயத்து தொடங்கும். முடித்த பாடத்தின் ஒரு துண்டை மறுபடி படிக்க வேண்டி வருவதும் உண்டு. தொடங்கினால் ஒரே இடத்தில் தொடங்கி முடிக்க வேண்டும் என்று விவரமான ஆலோசகர்கள் சொல்வது இதனால்தான்.

மதிப்பெண் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. புதிய பல்கலைக்கழகத்தில் ஜிபிஏ என்ற மதிப்பெண் சராசரி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதைப் பார்த்து, பழைய கணக்கு தீர்ந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் அந்தக் கணக்கு செல்லாது. படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலும் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் வரிசையாக உள்ளிட வேண்டும். பதினெட்டு வயதில், காபிக் கடை வேலைக்கு நடுவே கணக்கில் வாங்கிய ‘டி’ அங்கே இருக்கும். திரும்ப எழுதி ‘ஏ’ வாங்கியிருந்தால் அதுவும் இருக்கும். இரண்டும் சராசரியில் சேரும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ வேறு. அறிவியல் பாடங்கள் குறைவாக எடுத்தவருக்கு ஒரே ஒரு ‘சி’கூட அந்தச் சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

இவ்வளவு கறாரும் தேவைதானா என்று மருத்துவர்களே கேட்டிருக்கிறார்கள். லூயிஸ் தாமஸ் 1978-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கட்டுரையில், மருத்துவத்துக்குத் தயாராகும் ‘ப்ரீமெட்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற மாணவரின் விண்ணப்பத்தை மருத்துவக் கல்லூரிகள் கடைசி அடுக்கில் போட வேண்டும் என்கிற அளவுக்குப் போனார். பழைய கிரேக்க மொழியைப் பாடத்திட்டத்தின் நடுவில் வைக்கச் சொன்னார். பாதி கிண்டல், பாதி நிஜம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி அதைவிட நிதானமாக 1987-இல் ஒரு திட்டம் தொடங்கியது. இலக்கியம், வரலாறு போன்ற துறை மாணவர்களை இரண்டாம் ஆண்டிலேயே தேர்ந்தெடுத்தது. எம்கேட் வேண்டாம், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வேண்டாம், இயற்பியலும் வேண்டாம். 2010-இல் வெளியான ஆய்வு, அப்படிச் சேர்ந்த 85 பேரை வழக்கமான வழியில் வந்த 606 பேரோடு ஒப்பிட்டது. உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில் சற்றுக் குறைவு, நடுவில் விடுப்பு எடுத்தவர்கள் கூடுதல். மற்றபடி பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மனநல மருத்துவத்துக்குப் போனவர்கள் அதிகம்.

ஆனால் அந்தத் திட்டம் முதலில் கைநீட்டியது பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற கல்லூரிகளை நோக்கித்தான். கம்யூனிட்டி காலேஜை நோக்கி அல்ல. இத்தனைக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜ் அந்நியம் அல்ல. 2012-இல் சேர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வில், கால்பங்குக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கம்யூனிட்டி காலேஜில் படித்திருந்தார்கள். அங்கிருந்து வந்தவர்களிடம் மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் வேலை செய்யும் விருப்பம் அதிகமாக இருந்தது. அப்படியிருந்தும் சில மருத்துவக் கல்லூரிகள், அறிவியல் பாடங்களை நான்காண்டுக் கல்லூரியில் படித்திருந்தால் நல்லது என்றே சொல்லிவருகின்றன. கட்டணத்துக்காகச் செய்த சிக்கனத்தைக் குறையாகப் பார்க்கும் இந்தப் பார்வைக்கு நியாயம் சொல்வது கடினம்.

பட்டம் முடித்த பிறகு அறிவியல் படிக்க வருகிறவர்களுக்கென்றே கொலம்பியாவில் 1955 முதலும் பிரின் மாரில் 1972 முதலும் தனிப் படிப்புகள் இருக்கின்றன. நன்றாகவே நடத்துகிறார்கள், ஆனால் செலவு பல்லாயிரம் டாலர். பணம் கைகொடுக்காதவர்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் ஆர்கானிக்கைப் போட்டுக்கொண்டு, பகலில் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளி சொல்வதைத் தட்டச்சு செய்யும் ஸ்க்ரைப் வேலைக்கோ ஆம்புலன்ஸுக்கோ போகிறார்கள். கையில் கொஞ்சம் காசு; விண்ணப்பத்தில் எழுத மருத்துவ அனுபவமும் ஆயிற்று. இவர்களுக்கு ஒரு சாதகமும் உண்டு: எம்கேட்டின் நான்கு பகுதிகளில் ஒன்று அறிவியலே கேட்காமல் ஒன்பது உரைநடைப் பத்திகளைக் கொடுத்து 90 நிமிடத்தில் 53 கேள்விகளுக்குப் பதில் கேட்கிறது. உயிரியல்காரர்கள் பலர் அஞ்சும் பகுதி அதுதான். வருடக்கணக்கில் பழைய ஆவணங்களைப் படித்துப் பழகிய வரலாற்று மாணவி அங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

வீட்டில் கேட்பது வயதுக் கணக்கு. இருபது வயதில் ட்ரான்ஸ்ஃபர், இருபத்திரண்டில் பட்டம், பாக்கிப் பாடங்களுக்கும் விண்ணப்பத்துக்கும் இரண்டு வருடம், நுழையும்போது இருபத்துநான்கு. மருத்துவம் நான்கு வருடம், பிறகு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி மூன்றிலிருந்து ஏழு வருடம். தனியாக நின்று வைத்தியம் பார்க்க முப்பதைத் தாண்டிவிடும். கேட்கிற அம்மாவுக்குத் தலைசுற்றும். ஆனால் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு சேர்பவர்களின் சராசரி வயதே ஏறக்குறைய 24தான். உயிரியல் படித்தவர்களிலும் பலர் பட்டத்துக்குப் பிறகு ஓரிரு வருடம் ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டுத்தான் சேர்கிறார்கள்.