விலைப்பட்டியலும் கள்ளாமை விரதமும்



இன்று கண்காணிப்புக் கேமரா பொருத்தாத கடைத்தெரு அரிதாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில் பணிபுரிய, முதியோர் மட்டும் வாழும் இல்லங்களிலும் இக்கருவி வந்துவிட்டது. பழமையான செப்புத் திருமேனிகளைக் காக்கும் பொருட்டு ஜினாலயங்களிலும் இதனைப் பொருத்துகின்றோம். களவைத் தடுக்க வாங்கும் இக்கருவியை, வாங்கும் முறையிலேயே களவு கலவாமல் வாங்குகின்றோமா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழையும் வினா. பிறரைக் குறை கூறும் நோக்கம் நமக்கில்லை. நாம் செய்த பிழையிலிருந்தே தொடங்குகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் இல்லத்தில் நான்கு கேமராக்கள் பொருத்த முடிவு செய்தோம். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இத்தொழில் செய்கின்றார். அவர் வந்து பார்த்து, எல்லாம் சேர்த்து 26,500 ரூபாய் ஆகும் என்றார். வேறொருவர் 24,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகக் கூறியதை எடுத்துரைத்தோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "சரிங்க டீச்சர், அதற்கே செய்து தருகிறேன். பில் போட்டால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 4,320 ரூபாய் கூடும்" என்றார். "நமக்குள் பில் எதற்கு, தம்பி? உன்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று நாம் சொன்னோம். நம்பிக்கை என்ற நல்ல சொல்லைக் கொண்டு வரியை மிச்சப்படுத்தினோம் என்பதை அன்று நாம் உணரவில்லை.

இரண்டு திங்கள் கழிந்தன. நாற்பது மீட்டர் தொலைவில் தொழுவத்தருகே இருந்த கேமரா, பகலில் நன்றாகவும் இரவில் விட்டு விட்டும் இயங்கியது. மற்றொரு தொழிலறிஞரிடம் காட்டினோம். செம்புக் கம்பிக்குப் பதிலாக, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி இழுக்கப்பட்டிருப்பதாக அவர் விளக்கினார். அலுமினியம் மின்சாரத்தைச் செம்பு அளவுக்கு எளிதில் கடத்தாது. இருளில் பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்குகள் இரவில் எரியும்போது கேமராவுக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். நெடுந்தொலைவு செல்லும் 12 வோல்ட் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிட, கேமரா நின்று நின்று இயங்குகின்றது. வெளிப்பார்வைக்கு இரு கம்பிகளும் ஒன்றே போல் இருக்கும்.

சினம் கொண்டு மாணவரை அழைத்தோம். அவர் மறைக்கவில்லை. "கேமராவைக் குறைத்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும், டீச்சர். கண்ணுக்குத் தெரியாத வயரில்தான் குறைக்க முடிந்தது" என்றார். வேலைக்கூலியைத் தனியே எழுதக்கூடாதா என்று கேட்டோம். "எழுதிப் பார்த்தேன். நாலு ஆணி அடிப்பதற்கா இவ்வளவு என்கிறார்கள். அதனால் கூலியைப் பொருள் விலைக்குள் வைத்துவிடுகிறேன்" என்றார். செம்புக் கம்பி என்று எழுதிய தாள் ஒன்றும் நம் கையில் இல்லை; அத்தாளை வேண்டாம் என்றவர்கள் நாமே.

கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் பழுதுகளாக ஐந்து அதிசாரங்களை ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துரைத்துள்ளார். களவு செய்யத் தூண்டுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், நாட்டின் நெறியை மீறுதல், ஒத்த தோற்றமுடைய பொருளைக் கலந்து வழங்குதல், அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் நடத்தல் என்பன அவை. செம்பு என எண்ணச் செய்து அலுமினியம் இழுத்தது நான்காம் பழுது. கண்காணிப்புப் பதிவுக்கென்று செய்த புதிய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பழையதைப் புதுப்பித்துத் தருவதும் அதுவே. எழுபது மீட்டர் வயர் இழுத்துவிட்டுத் தொண்ணூறு என்று எழுதுவது ஐந்தாம் பழுது. இவை விற்பவருடையவை. வரியை மறைக்க உடன்பட்டது மூன்றாம் பழுது, அது நம்முடையது. அடக்கவிலைக்கும் கீழே கேட்டு ஒரு நேர்மையாளரை நெருக்கியது முதலாவதாகிய தூண்டுதலுக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது? இவ்வினாதான் நம் உறக்கத்தைக் கெடுத்தது.

இலாபம் பெறுதல் பாவமா எனச் சிலர் வினவக்கூடும். அன்று. ஆதிபகவன் மக்களுக்கு அருளிய அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சில்பம் என்னும் ஆறு தொழில்களில் வாணிகமும் கைவினையும் தனித்தனியே வைத்து எண்ணப்படுகின்றன. கேமரா பொருத்துபவர் இவ்விரண்டையும் ஒருங்கே செய்கின்றார். பொருளை விற்கும்போது அவர் வணிகர். எந்த மூலையில் வைத்தால் வாயில் முழுதும் தெரியும், வெயில் எதிரே அடிக்காது என்று ஆய்ந்து பொருத்தும்போது அவர் வினைஞர். வணிகத்துக்கு இலாபமும் வினைக்குக் கூலியும் உரியவை. பொருளுக்கு விலை கொடுக்க இசையும் நாம், கண்ணுக்குத் தெரியாத அறிவுக்குக் கூலி தர மறுக்கின்றோம். மறுக்கப்பட்ட கூலி வேறெங்கோ ஒளிந்துகொள்கின்றது. அது ஒளிந்த இடத்தில் பொய் பிறக்கின்றது.

எனவே விலை உயர்ந்திருப்பது குற்றமாகாது; மறைந்திருப்பதே குற்றம். கேமரா இத்தனை, பதிவுக் கருவி ஒன்று, ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவு, வயரின் வகையும் மீட்டர் கணக்கும், வேலைக்கூலி, வரி, உத்தரவாதக் காலம் என ஒவ்வொன்றும் தனி வரியில் நிற்பதே நேர்மையான பட்டியல். பெட்டியின்மேல் அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரிகளும் உட்பட்டது; அதன்மேல் வரி சேர்ப்பது முறையன்று. அவ்விலையைக் காட்டி, 'பாதி விலைக்குத் தருகிறேன்' என்று வியப்பூட்டுவது, சொல்லால் மெய்யாயினும் கருத்தால் பொய்யாகலாம். பணிகள் வழங்கும் சிறு தொழிலர், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருப்பின் பொதுவாக வரிப்பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் வரியின்றிப் பட்டியல் தருவது குற்றமன்று; பதிவு செய்யாமல் வரி என்று வாங்குவதே குற்றம்.

ஆலயப் பொறுப்பிலுள்ள அன்பர்களுக்கு ஒரு சொல். கொடையாளர் தந்த தொகைக்குப் பொருந்தும்படி கூட்டி எழுதிய பட்டியலையும், தொகை எழுதாத வெற்றுப் பட்டியலையும் கேட்டு வாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மிச்சம் ஆலயத்துக்கே செலவாயினும் அது பொய்யாவணமே. கூடலேகம் என்னும் இப்பழுது, பொய்யாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கின்றது. மூலவர் திருமுன் இயங்கும் கருவி வெளியிலிருந்து வரும் திருடனைக் காட்டும். தன்னை வாங்கிய பட்டியலின் பொய்யைக் காட்டாது.

ஒரே விலையை விற்பவர் பக்கமிருந்தும் வாங்குபவர் பக்கமிருந்தும் காண்பது அனேகாந்தப் பார்வை. அப்பார்வை நமக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தது. மாணவரை மீண்டும் அழைத்து, முதலில் அவர் கேட்ட 26,500 ரூபாய்க்கே வரிவரியாகப் பட்டியல் எழுதச் செய்தோம். வேலைக்கூலி 4,000 ரூபாய் என்று தனி வரியில் எழுதியபோது அவர் ஒருமுறை நம் முகத்தைப் பார்த்தார். வரி 4,770, ஆக 31,270 ரூபாய். முன்பு கொடுத்தது போக 7,270 ரூபாய் கொடுத்தோம். செம்புக் கம்பி மாற்றப்பட்டது. பழைய கம்பியின் நட்டத்தை அவர் ஏற்றுக்கொண்டார். தொழுவத்துக் கேமரா இப்பொழுது இரவிலும் தெளிவாகத் தெரிகின்றது.

பல ஆண்டுகள் வகுப்பறையில் நேர்மையைப் போதித்தோம். நம் மாணவர் நேர்மையாக நடக்க வேண்டிய இடத்தில், அதற்குரிய விலையைத் தர நாம் தயங்கினோம். அடுத்த முறை நம் இல்லத்துக்கோ ஆலயத்துக்கோ ஒரு தொழிலாளர் வரும்பொழுது, 'எவ்வளவு குறைப்பாய்?' என்று கேட்குமுன், 'உன் கூலி எவ்வளவு? அதைத் தனியே எழுது' என்று கேட்போமாக.

வாழ்க ஜினதர்மம்!