நாள் நகரலாம், பொழுது நகரலாமா?

பண்டிகை விருந்து எந்த நாளில், எந்தப் பொழுதில் நடைபெற வேண்டும் என்பது நம் முன்னோர்க்கு ஒரு வினாவாகவே இருந்ததில்லை. நாளைத் திதி முடிவு செய்தது. பொழுதைக் கதிரவன் முடிவு செய்தான். வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் உழவே தொழிலாக வாழ்ந்த காலத்தில், காலையில் ஜினாலயத்தில் பூசை, நண்பகலில் விருந்து, பொழுது சாயுமுன் அடுப்பு அணைதல் என யாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே அமைந்தன. வயலும் வீடும் கோயிலும் கூப்பிடு தொலைவில் இருந்தன. எல்லாரும் கூடியிருப்பதற்குத் தனியே திட்டமிட வேண்டிய தேவை எழவில்லை.

இன்று நம் பிள்ளைகளுள் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஆலைகளில் பணிபுரிகின்றனர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இவற்றைச் சூழ லாரி, மோட்டார் சைக்கிள், டயர், மின்னணுப் பொருள் செய்யும் ஆலைகள் பெருகியுள்ளன. மகன் குடும்பத்துடன் இப்பகுதியில் வாழும் யான், நம்மவர் இல்லங்களில் நாள்தோறும் காண்பது இது: விடியுமுன் கம்பெனிப் பேருந்து ஏறுபவன் பிற்பகல் மூன்று மணிக்குமேல் வீடு சேர்கிறான், நண்பகலில் புறப்படுபவன் நள்ளிரவை ஒட்டித் திரும்புகிறான், இரவில் செல்பவன் காலையில் வந்து பகலெல்லாம் உறங்குகிறான். ஒரே கூரையின்கீழ் வாழும் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் முகம் பார்க்காமலே ஒரு வாரம் கழிவதுண்டு.

விடுமுறையும் நம் திதிகளைக் கேட்டு வருவதில்லை. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களையும் வேறு ஐந்து பண்டிகை நாள்களையும் விடுமுறையாக அளிக்கச் சொல்கிறது. அந்த ஐந்தில் பொங்கலும் தீபாவளியும் இடம்பெறுவது இயல்பு. மகாவீரர் ஜெயந்தி அரசு அலுவலகங்களுக்கு விடுமுறையே ஆயினும், ஆலையின் ஐந்தில் ஒன்றாக அமைவது அரிது. அட்சய திருதியையோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்நிலையில் பண்டிகை விருந்தை எவ்வாறு நடத்துவது? நம் இல்லங்களில் மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. திதியன்றே பகலில் இருப்பவர் உண்டு, இல்லாதவர் பங்கை மூடி வைப்பது ஒன்று. எல்லாரும் வந்து சேர்ந்தபின் இரவில் கூடி உண்பது மற்றொன்று. அனைவரும் கூடக்கூடிய வேறொரு நாளின் பகலுக்கு விருந்தைத் தள்ளி வைப்பது மூன்றாவது. இம்மூன்றில் அறத்திற்கு ஏற்றது எது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதல் வழி பார்வைக்குக் குற்றமற்றது. நாளும் பிழைக்கவில்லை, பொழுதும் பிழைக்கவில்லை. ஆயின் மூடி வைத்த பங்கு யாது ஆகிறது? நள்ளிரவில் வருபவன் அதனை அப்போதே உண்டால் அது இரவு உணவு. மறுநாள் உண்டால் பழைய உணவு. நம் ஆசாரம் இரண்டையும் விலக்குகிறது. வீட்டிலிருப்போர் தம் விரதத்தைக் காத்துக்கொண்டு, உழைத்து வருபவன் ஒருவன் தலையில் மட்டும் விரதபங்கத்தை ஏற்றுகின்றனர். நமது நியமம் தூயதாக நிற்பதற்கு இன்னொருவன் விலை கொடுக்கிறான் எனில், அந்நியமத்தை நாம் முழுதாகக் கடைப்பிடித்தோம் என்று கூறல் இயலுமோ?

இரண்டாம் வழியை ஆதரிப்போர் அன்பின் பெயரால் வாதிடுகின்றனர். “அகல் விளக்கின் ஒளியில் உண்ட காலத்தில் உணவில் பூச்சி விழுவது தெரியாது; அதனால் இரவு உணவை விலக்கினர். இன்று மின்விளக்கு பகல்போல் எரிகிறது; இனித் தடை எதற்கு?” என்பது அவர்கள் வினா. இது புதிய வினா அன்று. புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திரர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விளக்கேற்றி உண்பதைக் குறித்து ஆராய்ந்து, விளக்கு இருப்பினும் உணவில் சேரும் நுண்ணுயிர்களைக் காத்தல் அரிது என்று காட்டியுள்ளார். மின்விளக்கு இக்குறையைப் போக்கவில்லை, பெருக்கியிருக்கிறது. ஐப்பசி மழை விட்ட மாலையில் குழல்விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதைக் கண்டவர் எவரும் இதை மறுக்கமாட்டார். ஒளி உயிர்களைக் காட்டுவதோடு நிற்காமல், அவற்றை அழைத்தும் வருகிறது.

அமிர்தசந்திரர் மற்றொரு தடையையும் தாமே எழுப்பி விடை கூறுகிறார். உண்ணாமல் இருப்பதே நோக்கமெனில், பகலை விட்டு இரவில் மட்டும் உண்டால் என்ன என்பது அத்தடை. இரவு உணவில் பற்று மிகுதி என்பது அவர் தரும் விடை. நாளெல்லாம் உண்ணக் கிடைத்த பொழுதைக் கடந்து, உறங்கும் வேளையையும் உணவுக்கு ஆக்கும் வேட்கையை அவர் சுட்டுகிறார். ஆகவே இவ்விரதம் பூச்சிகளின் காவலாக இருப்பதோடு நம் மனத்தின் காவலாகவும் இருக்கிறது.

இவ்விடத்தில் நூல்களில் விரித்துச் சொல்லப்படாத ஒரு பயனையும் குறிப்பிட விரும்புகிறேன். இருட்டுமுன் உண்டு முடிக்கும் வீட்டில் இருட்டுமுன் அடுப்பு அணைகிறது, பாத்திரம் கவிழ்கிறது, சமைத்தவளுக்கு ஒரு மாலைப்பொழுது மீதமாகிறது. அவள் ஒரு நூலைப் புரட்டலாம், குழந்தைக்குக் கதை சொல்லலாம், சாமாயிகம் செய்யலாம். மூன்று ஷிப்டுக்கும் சுடச்சுட உணவு படைக்கும் வீட்டில் அடுப்பு விடியற்காலை நான்கு மணிக்கு எரியத் தொடங்கி நள்ளிரவில்தான் ஓய்கிறது. அவ்வடுப்பின் முன் நிற்பவள் பெரும்பாலும் ஒரே பெண். இரவு உண்ணாமை என்னும் விரதம் எறும்புக்கும் ஈசலுக்கும் அளிக்கும் அபயத்தை அவளுக்கும் அளிக்கிறது. ஆதலின் அன்பின் பெயரால் இவ்விரதத்தைத் தளர்த்துவோர், யார் மீது கொண்ட அன்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எஞ்சி நிற்பது மூன்றாம் வழி. இதனை மூத்தோர் பலர் ஒப்புவதில்லை. “திதி கடந்த விருந்து வெறும் சாப்பாடு, அதில் பண்டிகை எங்கே?” என்பர். இது மதிக்கத்தக்க தடையே. இதற்கு அட்சய திருதியையின் வரலாறே விடை தருகிறது.

ஆதிபகவனாகிய ரிஷபதேவர் துறவு பூண்டு ஆறு மாதம் உண்ணாநோன்பிருந்து, பின் ஆகாரம் வேண்டி ஊர்தோறும் நடந்தார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை அக்கால மக்கள் அறியார். எனவே யானை கொணர்ந்தனர், குதிரை கொணர்ந்தனர், மணிகளும் ஆடைகளும் கொணர்ந்தனர். கன்னியரையும் கொடுக்க முன்வந்தனர். எல்லாம் மதிப்புடையவை, ஒன்றும் அவருக்கு வேண்டியதன்று. மாதங்கள் பல கடந்து, அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவால் முறை உணர்ந்து, கருப்பஞ்சாற்றை அவர் கைகளில் வார்த்தான். அந்நாள் வைகாச மாத வளர்பிறை மூன்றாம் திதி. அந்தத் திதிக்கு அதற்கு முன்னர் எவ்விதச் சிறப்பும் இல்லை. நல்ல நாள் பார்த்து அவன் கொடுத்தானல்லன். அவன் கொடுத்ததால் அது நல்ல நாளாயிற்று. கொடை நாளைச் சிறப்பித்ததேயன்றி, நாள் கொடையைச் சிறப்பிக்கவில்லை.

ஆகவே பூசையையும் விருந்தையும் பிரித்தறிதல் வேண்டும். பூசை பகவானின் வரலாற்றை நினைவு கூர்வது. அது அந்நாளோடு கட்டுண்டது. மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணமடைந்த வைகறையை நம் வசதிக்கேற்ப ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற இயலாது. விருந்தோ பகிர்ந்துண்பது, அது மனிதரோடு கட்டுண்டது. எவரோடு பகிர வேண்டுமோ அவர் இல்லாத நாளில் பகிர்வுக்குப் பொருளில்லை. இரண்டாம் ஷிப்டுக்குச் செல்பவனும் அன்று காலையில் காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றம் சென்று, ரிஷபதேவர் வரலாறு தீட்டப்பெற்ற அந்த மண்டப விதானத்தின்கீழ் ஒரு நாழிகை நின்று வரலாம். விருந்து அடுத்த வார விடுமுறை வரை காத்திருக்கட்டும். நாள் நகரலாம்; பொழுது நகரலாகாது.

இனி நடைமுறைக்கு வருவோம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த முதற்பாடம், பாடக்குறிப்பு எழுதுமுன் எதிரே அமர்ந்திருக்கும் மாணவரைப் பார் என்பதாகும். விருந்துக்கும் அதுவே முதற்படி. ஒரு தாளில் வருவோர் பெயரையும் அவரவர் ஷிப்டையும் வார விடுமுறையையும் எழுதுக. முதல் ஷிப்டினரும் இரண்டாம் ஷிப்டினரும் வேலைநாளின் பகலில் ஒருபோதும் வீட்டில் கூடார் என்பது அத்தாளிலேயே விளங்கிவிடும். இரவுப் பணி முடித்தவனை முற்பகலில் எழுப்புவது கொடுமை. அவனுக்குப் பிற்பகல் மூன்று மணியே ஏற்றது. எல்லாரும் கூடும் நாள் எவ்வகையிலும் அமையாவிடில் ஒருவர் விடுபடுவார். ஆண்டுதோறும் அதே ஒருவர் விடுபடாதவாறு பார்த்தல் நம் கடன்.

பொழுதையும் கணக்கிட்டுக் குறிக்க. நம் பகுதியில் கதிரவன் கார்த்திகையில் மாலை 5.40 மணி அளவிலும், ஆனி இறுதியில் 6.40 மணி அளவிலும் மறைகிறான். மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னரே உணவை முடிப்பது நம் வழக்கு. எனவே ஐப்பசி, கார்த்திகை விருந்துகள் மாலை 4.50 மணிக்குள் நிறைவுற வேண்டும்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், தானத்தின் சிறப்பு முறை, பொருள், கொடுப்போர், கொள்வோர் என்னும் நான்கால் வேறுபடும் என்கிறது. வீட்டு விருந்துக்கும் இந்நான்கையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

முறையாவது, பருப்பையும் அரிசியையும் முதல்நாள் பகலிலேயே ஆய்ந்து வைத்தல், நீரை வடிகட்டல், விடிந்தபின் அடுப்பு மூட்டல். பொருளாவது, கிழங்கும் வெங்காயமும் பூண்டும் தேனும் நீக்கிய எளிய உணவு. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு, சாம்பார், ரசம், மோர், ஒரு பாயசம் போதும். பல கறிகள் உள்ள விருந்தில் ஒரு கிலோ அரிசி ஏறக்குறையப் பத்துப் பேருக்குக் காணும். மிஞ்சிய சோற்றில் தோன்றி மடியும் உயிர்களுக்குச் சமைத்தவரே பொறுப்பாதலின், எண்ணிச் சமைத்தலும் அகிம்சையே. கொடுப்போராவது, சமைத்தவர் மனம். களைப்பும் எரிச்சலுமாகப் பரிமாறப்பட்ட பதினெட்டு வகையினும், மனம் மகிழ்ந்து பரிமாறப்பட்ட ஐந்து வகை மேலானது. ஆண்மக்களும் காய் நறுக்கி, இலை எடுத்து, பாத்திரம் தேய்க்க வேண்டும். சமைத்தவளும் முதற்பந்தியிலேயே அமர வேண்டும். முனிவருக்கு ஆகாரதானம் செய்யும்போது கொடுப்போரின் மனம், மொழி, மெய் மூன்றும் தூயவாக இருத்தல் வேண்டும் என்கிறோம். ஒருத்தியை வருத்தி ஆக்கிய உணவில் அத்தூய்மை எங்ஙனம் நிலைக்கும்?

நான்காவது கொள்வோர். இத்தொழிற்பகுதியில் பெற்றோரை விட்டு விடுதிகளில் தங்கிப் பணிசெய்யும் பெண்கள் பல்லாயிரவர். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த பூவிருந்தவல்லி விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர்; அவர்தம் தோழியர் திரண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். உணவு வெறும் வழங்கற்பொருளாகி, உண்பவரின் முகத்தை அறியாதவர் கையில் சேரும்போது நேர்வது அது. நம் வீட்டு விருந்தின் தாளில் உறவினர் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கட்டும். மகனோடு பணிபுரியும் ஒடிசா இளைஞனோ, பக்கத்து விடுதியில் பண்டிகைக்கு ஊர் செல்ல இயலாத பெண்ணோ அவ்வரியில் வரட்டும். அதிதிக்குப் பகிர்தல் இல்லறத்தாரின் விரதங்களுள் ஒன்றென்பதை நாம் அறிவோம்.

இறுதியாக ஒன்று. ஷிப்டில் உள்ள பிள்ளை ஆலை உணவகத்தில் இரவு ஏழு மணிக்கு உண்கிறான் என்றால் அவனைப் பண்டிகை நாளில் பலர்முன் இடித்துரைத்தல் வேண்டா. சமந்தபத்திரர் இரவு உணவு துறத்தலைச் சிராவகரின் பதினொரு படிகளுள் ஆறாம் படியில் வைத்தார். தொடக்க ஒழுக்கத்திலேயே அதனைச் சேர்த்த ஆசாரியரும் உளர். படி எதுவாயினும், ஏறுபவனைக் கைதூக்கி விடுவதே மேலே நிற்பவரின் கடமை. ஆண்டில் சில நாள்களேனும் பகல் வெளிச்சத்தில், சினமின்றி, எல்லாரோடும் அமர்ந்து அவன் உண்ணட்டும். அந்த உணவின் அமைதியை அறிந்தவன், தன் கையில் நேரம் வரும்போது அப்படியைத் தானே ஏறுவான்.

வரும் பண்டிகைக்கு நம் சகோதரிகள் மளிகைப் பட்டியல் எழுதுமுன் அந்தத் தாளை எழுதுவார்களாக. அறம் வளர்க.