நெஞ்சை நிமிர்த்தி டெஸ்டுக்குப் போ!

தம்பி, எமிஷன் சர்டிபிகேட் காலாவதி ஆகப்போகிறது என்றதும் ஏன் இப்படி முகம் வாடுகிறாய்? "பழைய வண்டிண்ணா, பாஸ் ஆவாது" என்று நீயே தீர்ப்பு எழுதிவிடுகிறாய். அடுத்த மூச்சிலேயே, "தெரிஞ்ச ஆள் இருந்தா சொல்லுங்க, வண்டி காட்டாமலே வாங்கிக்கலாம்" என்கிறாய். இன்னும் ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை. அதற்குள் தோற்றுவிட்டேன் என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

பெங்களூர் சிவாஜிநகரில் வாழ்கிறவன் சொல்லக்கூடிய பேச்சா இது! செத்த வண்டி என்று ஊரே ஒதுக்கியதைப் பிரித்து, ஓடும் பாகத்தைத் தேடி எடுத்து, இன்னொரு வண்டிக்கு உயிர் கொடுக்கும் குஜிரிக் கடைகள் உன் பேட்டையில்தானே இருக்கின்றன? எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் மெக்கானிக்குகள் உன் தெருவில்தானே இருக்கிறார்கள்? இத்தனை கைகள் பக்கத்தில் இருக்க, நீ ஏன் கள்ளக் காகிதத்துக்குக் கை நீட்ட வேண்டும்?

கேள்வித்தாளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு நடத்தும் பரீட்சை இது. பெங்களூருக்கு பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4) புகை விதி 2010-லேயே வந்துவிட்டது. பி.எஸ். 4 பெட்ரோல் கார் ஐடிலில் நிற்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.; இவற்றைத் தாண்டக்கூடாது. ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம். அருகே வைத்தால் மோனாக்சைடு 0.2-க்குள் இருக்க வேண்டும், காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு முந்தைய பி.எஸ். 2, 3 கார்களுக்குச் சட்டமே சலுகை தருகிறது: 0.5 சதவீதம், 750 பி.பி.எம். பழைய வண்டியைப் புது வண்டியோடு யாரும் போட்டிக்கு நிறுத்தவில்லை. பிறகு எதற்குப் பயம்?

எழுந்திரு, பானட்டைத் திற! மாதக்கணக்கில் மாற்றாத எஞ்சின் ஆயிலை மாற்று. பெட்ரோல் கலந்து கெட்டுப்போன ஆயிலின் ஆவியும் எஞ்சினுக்குள்ளேதான் போய் எரிகிறது. அது ஹைட்ரோகார்பனை ஏற்றும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் எரியாத பெட்ரோல் நேராகக் குழாய் வழியே வெளியேறும். கார்புரேட்டர் வண்டியா? அடைத்துப்போன ஏர் பில்டரைத் தூக்கி எறி, எரிபொருள் கலவையைச் சரிபார்க்கச் சொல். இன்ஜெக்‌ஷன் வண்டியா? மீட்டரில் எரியும் மஞ்சள் எஞ்சின் விளக்கை அலட்சியம் செய்யாதே. ஆக்சிஜன் சென்சார் உதவி கேட்டுக்கொண்டிருக்கலாம். சைலன்சரில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து லாம்டா கணக்கையே குலைக்கும்; வெல்டிங் வைத்து அடை.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் கை வைக்காதே! அதற்குள் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருப்பதால் கழற்றிக் கொடுத்தால் காசு தர ஆள் உண்டு. ஆனால் நச்சுப் புகையைச் சுத்தம் செய்வதே அதுதான். நன்றாகச் சூடேறினால்தான் அது வேலையையே தொடங்கும். ஆகவே குளிர்ந்த எஞ்சினோடு டெஸ்டுக்குப் போகாதே. கால் மணி நேரமாவது ஓட்டிவிட்டுப் போ. வரிசையில் நிற்கும்போதும் எஞ்சினை அணைக்காதே.

குறுக்குவழி எங்கே கொண்டுபோய் விடும் என்று உலகமே பார்த்தது. 2013-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு. அதில் அரவிந்த் திருவேங்கடமும் நம் பெங்களூர்க்காரர் ஹேமந்த் கப்பண்ணாவும் இருந்தார்கள். அளவுக் கருவியை வண்டியிலேயே ஏற்றி, நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் சுத்தமாகத் தெரிந்த போக்ஸ்வாகன் ஜெட்டா, சாலையில் அனுமதித்ததைப் போல் 15 முதல் 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. டெஸ்ட் நடப்பதைக் கண்டுபிடித்து, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை அந்த நிறுவனம் உள்ளே ஒளித்திருந்தது. 2015-ல் குட்டு உடைந்தது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் சிக்கின. பணமும் பேரும் மலைபோல் குவிந்திருந்த நிறுவனம் தலைகுனிந்தது. அளந்து பார்க்கத் துணிந்த சில ஆய்வாளர்கள் தலைநிமிர்ந்தார்கள். நீ எந்தப் பக்கம் நிற்கப்போகிறாய்?

அபராதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் அதற்குப் பயந்து இதைச் செய்யாதே. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வாசலில் நாள் முழுக்கப் பூ விற்கும் அக்காவை நினை. பௌரிங் ஆஸ்பத்திரிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கும் பெரியவரை நினை. உன் குழாயிலிருந்து வருவது அவர்கள் நெஞ்சுக்குள்தான் போகிறது. காசு கொடுத்து வாங்கிய காகிதம் அவர்கள் நெஞ்சைச் சுத்தம் செய்யுமா?

ஆகவே கடைசி நாள் வரை காத்திருக்காதே. பத்து நாள் முன்பே போ. சைலன்சரில் குழாயை மாட்டச் சொல், திரையில் வரும் எண்ணை நீயே படி. பாஸ் ஆனால் மார்தட்டு. பெயிலானால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கு, வெட்கப்படாதே. ஹைட்ரோகார்பன் ஏறியிருந்தால் பிளக்கிலும் ஆயிலிலும் தேடு. மோனாக்சைடு ஏறியிருந்தால் எரிபொருள் கலவையில் தேடு. அந்தச் சீட்டு உனக்குச் சாபமில்லை, செய்ய வேண்டிய வேலையின் பட்டியல். வேலையை முடி, மறுபடி போ, மறுபடி அளக்கச் சொல். அளக்க அஞ்சாதவனை எந்த மெஷினாலும் தோற்கடிக்க முடியாது!