ஒரே நாளில் வந்துவிடலாம்!

உங்கள் பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை. 'ஃப்ளைட் ஏறினா ஒரே நாள் சார்' என்போம். தூரத்தை நேரமாக மாற்றிச் சொல்லப் பழகி ரொம்ப நாளாச்சு.

நெய்வேலி நகரியத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளுக்கும் அங்கேயே வேலை என்பதால், அவருடைய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். மகன் சான்ஃபிரான்சிஸ்கோவில். நான் போயிருந்தபோது, மகன் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கிய பூகோள உருண்டையை எடுத்து வந்தார். கையில் ஒரு நூல். ஒரு முனையை பெங்களூரில் வைத்து, மறுமுனையை சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு இழுத்துப் பிடித்தார். நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. வட துருவத்தை ஒட்டிப் போனது!

''மேப்ல பார்த்தா தெரியாது தம்பி. உருண்டையில வெச்சாதான் குறுக்குவழி தெரியும்'' என்றார்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேரடி விமானத்தை ஓட்டி வந்தது இந்த வழியில்தான். சுமார் 14,000 கி.மீ., 17 மணி நேரம். நான் பி.காம்.காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? மணிக்கு 800 கி.மீ.க்கு மேல்! பெங்களூரிலிருந்து நெய்வேலிக்கு காரில் வரும் 300 கி.மீ.க்குத்தான் ஆறேழு மணி நேரம்.

நெய்வேலியிலும் விமான ஓடுதளம் உண்டு. 2017-ல் உடான் திட்டத்தின் முதல் பட்டியலில் ஊர் பெயர் வந்ததுமே மகனுக்கு போன் போட்டாராம். ''இன்னும் பக்கமாயிடும்ப்பா'' என்றானாம் அவன்.

''கடைசியா எப்ப வந்தார்?''

நூலைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: ''அவங்கம்மா ரெண்டு வருஷமா கூப்பிட்டுட்டே இருந்தா. 'ஒரே நாள்ல வந்துடுவேம்மா'ன்னு சொல்லிட்டே இருந்தான். அவ போனப்புறம், சொன்ன மாதிரியே ஒரே நாள்ல வந்துட்டான்.''

பிள்ளையைத் திட்டத் தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். லீவு, விசா, குழந்தைகளின் பள்ளிக்கூடம், டிக்கெட் விலை எல்லாமே நிஜமான கஷ்டங்கள். பெரியவரே தொடர்ந்தார்: ''நானும் திருநெல்வேலியில எங்கம்மாவை விட்டுட்டு வந்தவன்தானே? ஒரு ராத்திரிப் பயணம். பொங்கலுக்குப் பொங்கல்தான் போவேன்.''

அந்தக் காலத்தில் கப்பலேறி பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள், கிளம்பும்போதே அழுது தீர்த்தார்கள். மறுபடி பார்ப்பது எப்போதோ என்று இரண்டு பக்கமும் தெரியும். நமக்கு அந்த அழுகை இல்லை. எப்ப வேணும்னாலும் போகலாம் என்ற தைரியம் இருக்கிறது. அந்தத் தைரியம்தான் நம்மைப் போகவிடாமல் செய்கிறதோ? வராத பணத்தை வரவில் எழுதுகிற மாதிரி, 'போக முடியும்' என்பதையே 'போய்விட்டேன்' என்று மனசு எழுதிக்கொள்கிறது.

பஸ்ஸில் சென்னை திரும்பும்போது யோசித்தேன். என் வீடு மயிலாப்பூரில். அம்மா தாம்பரத்தில். முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பார்த்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

பஸ் தாம்பரம் வழியாகத்தான் வந்தது. இறங்கிவிட்டேன். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் திறந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: ''என்னடா, ஏதாவது பிரச்னையா?''

''சும்மாதாம்மா'' என்றேன். அவர் நம்பவில்லை.

நீங்கள் கடைசியாக 'சும்மா' போனது எப்போது?