வழிநிழல்

 

2006ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிரவணபெளகொளாவில் கோமடேசுவரருக்கு மகாமஸ்தகாபிஷேகம் நடைபெற்றது. அம்பத்தூர், ஆவடி குடும்பத்தினர் சிலர் சேர்ந்து வேன் ஒன்றில் புறப்பட்டோம். பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால், தலம் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இடையில் ஓரிரவு வழியில் தங்கி, விடியலில் புறப்படுவதாகத் திட்டம். இரவுண்ணா விரதம் உடையவர்களாதலால், பொழுது சாயுமுன் உண்டுவிட வேண்டும் என்பதே எங்கள் கவலை.

வாணியம்பாடியைத் தாண்டிச் சாலையோரத்தில் ஒரு புளியந்தோப்பு தென்பட்டது. இறங்கி ஜமக்காளம் விரித்தோம். அப்போதுதான் கவனித்தோம். சற்றுத் தள்ளி ஒரு லாரி நின்றது. ஓட்டுநரும் உதவியாளரும் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தனர். அருகில் தட்டில் மீன்.

"இந்த இடம் வேண்டாம், புறப்படுங்கள்" என்று உரக்கச் சொன்னவள் நான்தான். எங்களுடன் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயுடையவர். வேறிடம் தேடிச் செல்வதற்குள் சூரியன் மறைந்துவிடும். அதன்பின் மறுநாள் காலைவரை அவர் ஒரு கவளமும் உண்ணமாட்டார். இது எனக்குத் தெரியும், தெரிந்தும் சொன்னேன்.

லாரி ஓட்டுநர் எழுந்து வந்தார். "பொழுதோட சாப்பிடணும்னு பேசிக்கிட்டீங்களே, அம்மா. நீங்க முதல்ல சாப்பிடுங்க. நாங்க அப்புறம் பாத்துக்கிறோம்" என்றார். திரும்பிச் சென்று, எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்து அணைத்தார். பாத்திரங்களை எடுத்துக்கொண்டு இருவரும் தோப்பின் மறுகோடிக்குப் போய்விட்டனர். பெரியவர் வெளிச்சத்திலேயே உண்டார். நாங்கள் எல்லோரும் உண்டோம். இருட்டிய பிறகே அங்கே மீண்டும் அடுப்பு எரிந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாள் முழுதும் வண்டி ஓட்டிப் பசித்திருந்தவர் நமக்காகப் பசியை நீட்டித்துக்கொண்டார். விரதம் காப்பவளோ உடன் வந்த முதியவரின் பசியை எண்ணவில்லை. நான்கு கஷாயங்களில் இரண்டாவதாகிய மானம், விரதத்தின் உடையை அணிந்துகொண்டு என்னுள் அமர்ந்திருந்ததை அன்று கண்டேன். காலையில் நன்றி சொல்லலாம் என்றிருந்தேன். விடிந்தபோது லாரி இல்லை. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் விந்தியகிரியின் அறுநூறுக்கு மேற்பட்ட படிகளில் ஏறினோம். சாமுண்டராயர் 981ஆம் ஆண்டளவில் எழுப்பிய 57 அடி உயரப் பெருமானின் திருவடியில் நின்றபோதும் அந்தத் தோப்பே என் நினைவில் இருந்தது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். நம் ஆசாரியர்களும் அவ்வாறே கற்பித்தார்கள். ஆறு திரவியங்களுள் தர்மம், அதர்மம் என்னும் இரண்டு உண்டு. இங்கே அவற்றிற்குப் புண்ணிய பாவம் என்று பொருள் கொள்ளலாகாது. தர்ம திரவியம் இயங்குவதற்குத் துணை. அதர்ம திரவியம் நிற்பதற்குத் துணை. நேமிசந்திர ஆசாரியர் தம் திரவிய சங்கிரகத்தில் முன்னதற்கு மீனுக்கு உதவும் நீரையும், பின்னதற்கு வழிப்போக்கனுக்கு உதவும் நிழலையும் உவமை காட்டினார். நீர் மீனைத் தள்ளுவதில்லை. நிழல் நடப்பவனைப் பிடித்து நிறுத்துவதுமில்லை. நிற்க விரும்புகிறவனுக்கு இடம் தருகிறது, அவ்வளவே.

வழியில் சந்திக்கும் மனிதர் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய உதவியும் இத்தகையதே. அந்த ஓட்டுநர் நம் சமயத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தம் சமயத்தைச் சொல்லவுமில்லை. நம் நோன்பு நிற்பதற்கு நிழலானார். பிறப்பும் இறப்பும் தனித்தே என்னும் ஏகத்துவ பாவனை உண்மைதான். நடப்பவன் தனியன், ஆயினும் அவனுக்கு நிழல் வேண்டாம் என்று எந்த ஆசாரியரும் சொல்லவில்லை.

இதனால் கொல்லாமையில் நூலளவும் நாம் தளர வேண்டுவதில்லை. மீனைக் கண்டு மனம் வருந்துவது கருணை. மீன் உண்பவரைக் கண்டு முகம் சுளிப்பது மானம். இரண்டையும் பிரித்தறிவதே நமக்குரிய பயிற்சி.

இன்றும் பூந்தமல்லிச் சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வடமாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் நம் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள். விஹாரம் செய்யும் முனிவர்களுக்குத் தங்குமிடம் தேடி நாம் ஓடுகிறோம். அது நம் கடமை. நம் வாசற்படியில் சிறிதுநேரம் அமர்ந்து இளைப்பாறும் மற்ற வழிப்போக்கரிடமும் "யார், எவர்?" என்று கேட்குமுன் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம். பெயரறியாத அந்த நண்பருக்கு நான் சொல்லத் தவறிய நன்றியை வேறு எவ்விதத்தில் சொல்வேன்?

எல்லா உயிர்களும் இன்புறுக! அறம் வளர்க!